எழுபத்திரண்டா, நான்கரையா?

மாறி மூலக்குறிக்குள் அமைந்த சமன்பாட்டை மூலச் சமன்பாடு என்பார்கள். √(ம + 3) = ம − 3 என்பது எளிய எடுத்துக்காட்டு; இங்கே ம என்பது தெரியாத எண். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் எத்தனை முறை மாற்றி மாற்றிச் செய்தாலும் வர்க்கமூலத்துக்குள் இருக்கும் ம வெளியே வராது. இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்தியாக வேண்டும். அப்படிச் செய்தால் ம² − 7ம + 6 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது; அதன் தீர்வுகள் 6, 1. முதல் சமன்பாட்டில் 6-ஐப் பிரதியிட்டால் இரு பக்கமும் 3. 1-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. ஆகவே 1 தீர்வு அல்ல.

இப்படி இடையில் வந்து சேரும் எண்ணைப் பொய்த்தீர்வு என்று சொல்லலாம். கணக்கில் எந்தப் பிழையும் நேராமலேயே அது வருகிறது. 2-உம் −2-உம் வெவ்வேறு எண்கள். அவற்றின் வர்க்கம் ஒன்றே. வர்க்கப்படுத்தும்போது குறி பற்றிய செய்தி அழிந்துபோகிறது. √(ம + 3) = ம − 3 என்ற சமன்பாடும் −√(ம + 3) = ம − 3 என்ற சமன்பாடும் ஒரே இருபடிச் சமன்பாட்டில் வந்து கலந்துவிடுகின்றன. 1 என்பது இரண்டாவதன் உண்மையான தீர்வு. அதைப் பிரித்து விலக்கும் வேலையை மனிதர் செய்தாலும் கணினி செய்தாலும், முதல் சமன்பாட்டுக்குத் திரும்பிப் போய்த்தான் செய்ய வேண்டும். கட்டற்ற மென்பொருள்கள் அந்த வேலையை எப்படிச் செய்கின்றன, எந்த இடங்களில் பயனரிடம் விட்டுவிடுகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

பாஸ்கரரின் தேனீக்கள்

மூலச் சமன்பாட்டுக்கு இந்தியக் கணிதத்தில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியிலும், அதை அடுத்த பீஜகணிதத்திலும் அது வருகிறது. ஒரு தேனீக் கூட்டத்தின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அதற்கு வர்க்கமூலம் கண்டால் எத்தனையோ அத்தனை தேனீக்கள் மாலதிப் பூவை நாடிப் போயின. மொத்தக் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போய்விட்டது. மிஞ்சியவை இரண்டு: மணத்தில் மயங்கித் தாமரைக்குள் சிக்கிய ஆண் தேனீயும், அதைச் சுற்றிச் சுற்றி வரும் பெண் தேனீயும். மொத்தம் எத்தனை? இன்றைய குறியீட்டில் எழுதினால்,

√(ம/2) + 8ம/9 + 2 = ம

பீஜகணிதத்தில் பாஸ்கரர் கையாளும் வழி கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் வர்க்கப்படுத்திக் கொண்டிருக்கவில்லை. கூட்டத்தின் எண்ணிக்கையையே 2வ² என்று எடுத்துக்கொள்கிறார். அதன் பாதி வ². அதற்கு வர்க்கமூலம் வ. மூலக்குறி அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது. சமன்பாடு 2வ² − 9வ − 18 = 0 என்று சுருங்குகிறது. அதன் தீர்வுகள் 6, −3/2. வ = 6 என்றால் ம = 72. சரிபார்த்தால் 6 + 64 + 2 = 72; விடை பொருந்துகிறது.

−3/2-ஐ எடுத்துக்கொண்டால் ம = 9/2, அதாவது நான்கரை. நான்கரைத் தேனீ இருக்க முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் அந்த எண்ணை விலக்குவதற்குத் தேனீயின் உடலமைப்பைக் காரணம் காட்டத் தேவையில்லை. கணிதக் காரணமே இருக்கிறது. ம = 9/2 என்றால் √(ம/2) என்பது 3/2. சமன்பாடோ −3/2-ஐக் கேட்கிறது. வர்க்கமூலக் குறி எதிர்க்குறி இல்லாத மூலத்தையே குறிக்கும் என்பது வழக்கு. ஆகவே நான்கரை பொய்த்தீர்வு. தேனீக்களுக்குப் பதிலாகத் தண்ணீரை லிட்டரில் அளக்கும் கணக்காக இது இருந்திருந்தாலும் நான்கரை தவறான விடையாகவே இருந்திருக்கும். சூழலை வைத்து விடையை விலக்கப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

பாஸ்கரரே இதை உணர்ந்திருந்தார். அதே நூலில் ஒரு குரங்குக் கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்தினால் கிடைக்கும் அளவு குரங்குகள் குகைக்குள் போயின, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. தீர்வுகள் 50, 5. இரண்டுமே முழு எண்கள். இரண்டுமே இருபடிச் சமன்பாட்டை நிறைவு செய்கின்றன. ஆனால் 5-ஐ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்றைக் கழிக்க முடியாது. அதனால் 5-ஐ ஏற்க முடியாது என்கிறார். குறியைப் பார்த்து விடையை விலக்கும் இந்தச் சோதனையைத்தான் எட்டரை நூற்றாண்டுகள் கழித்துக் கணினி நிரல்களில் எழுதிவைத்தார்கள்.

மென்பொருள்கள் வந்த வழி

எண்களைக் கூட்டிப் பெருக்கும் கணிப்பான் ஒரு வகை. குறியீடுகளைக் குறியீடுகளாகவே வைத்துக்கொண்டு, √2-ஐ 1.414 என்று மாற்றாமல் √2 என்றே கையாளும் நிரல் வேறு வகை. இரண்டாவது வகைக்குக் கணினி இயற்கணித அமைப்பு என்று பெயர். மூலச் சமன்பாட்டுக்கு வேண்டியது இதுதான்.

இந்த அத்தியாயத்தில் வரும் மென்பொருள்களில் மூத்தது மாக்சிமா. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1968-இல் தொடங்கிய மாக்சைமா என்னும் திட்டத்தின் வழிவந்தது அது. லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரலின் ஒரு வடிவம் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் அதைப் பேணிவந்தார். 1998-இல் அதைக் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட அத்துறையிடம் அனுமதி பெற்றார். 2001-இல் அவர் இறந்தார். அதன்பின் தன்னார்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். ஒருவருடைய விடாமுயற்சி இல்லாதிருந்தால் முப்பது ஆண்டு உழைப்பு அலமாரியில் முடங்கியிருக்கும்.

சிம்பை என்பது பைதான் மொழிக்கான நூலகம். செக் நாட்டைச் சேர்ந்த ஒன்ட்ரேஜ் செர்டிக் 2005-இல் அதைத் தொடங்கினார். பைதான் தெரிந்தவர்களுக்கு இதுவே மிக எளிது. வில்லியம் ஸ்டைன் 2005-இல் வெளியிட்ட சேஜ்மேத், மாக்சிமா, பாரி/ஜிபி போன்ற பல கட்டற்ற கருவிகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெர்னார் பரீஸ் உருவாக்கிய ஜியாக், அதன் முகப்பான எக்ஸ்காஸ் ஆகியவை வேகத்துக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் மாணவர்கள் சந்திக்கும் ஜியோஜீப்ரா, இயற்கணித வேலைக்கு உள்ளே இந்த ஜியாக்கைத்தான் அழைக்கிறது. ஜியோஜீப்ராவைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு நிபந்தனை உண்டு. அதனால் அதை மற்றவற்றைப் போல முழுமையாகக் கட்டற்றது என்று சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது

தேனீச் சமன்பாட்டைச் சிம்பையிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் ம ஒரு குறியீடு என்று அறிவிக்க வேண்டும். பிறகு வர்க்கமூலத்துக்குரிய கட்டளைச் சொல்லை எழுதி, அடைப்புக்குறிக்குள் ம/2 என்று கொடுக்க வேண்டும். தாளில் எழுதும்போது மூலக்குறியின் மேல்கோடு எதுவரை நீள்கிறதோ அதுவரை உள்ளவை மூலத்துக்குள் அடக்கம். 1525-இல் கிறிஸ்டாஃப் ருடால்ஃப் √ குறியை அச்சில் பயன்படுத்தியபோது மேல்கோடு கிடையாது. 1637-இல் டெக்கார்ட் அதைச் சேர்த்தார். விசைப்பலகையில் மேல்கோட்டின் வேலையை அடைப்புக்குறி செய்கிறது. √(ம + 3) என்பதற்குப் பதிலாக √ம + 3 என்று அடித்துவிட்டு விடை தவறு என்று மென்பொருளைக் குறை சொல்பவர்கள் பலர்.

அடுத்து எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் பின்னம். 8/9 என்று பைதானில் நேரடியாக எழுதினால் அது 0.888… என்ற தசம எண்ணாகிவிடும்; துல்லியம் அங்கேயே போய்விடும். சிம்பையில் இதற்கென்றே விகிதமுறு எண் என்ற வகை இருக்கிறது. ம-ஐ முதலில் எழுதி, 8*ம/9 என்று கொடுத்தாலும் போதும்; குறியீடு கலந்துவிட்டால் பின்னம் பின்னமாகவே நிற்கும். மாக்சிமாவில் இந்தச் சிக்கல் இல்லை. 8/9 அங்கே எப்போதும் பின்னமே.

'சால்வ்' என்ற கட்டளையைக் கொடுத்ததும் நிரல் சமன்பாட்டை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எங்கெங்கே மூலங்கள் இருக்கின்றன என்று பட்டியலிடுகிறது. பிறகு மூலங்களை நீக்கும் பகுதி இயங்குகிறது. சிம்பையில் அதற்கு 'அன்ராட்' என்று பெயர். அதன் வேலையைப் பாஸ்கரரின் வழியிலேயே விளங்கிக்கொள்ளலாம்: மூலத்துக்கு வேறு பெயர் வைப்பது. √(ம/2)-ஐ வ என்று அழைத்தால் இரண்டு பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகள் கிடைக்கின்றன.

2வ² = ம
வ + 8ம/9 + 2 = ம

இரண்டிலிருந்தும் வ-ஐ நீக்கினால் 2ம² − 153ம + 648 = 0. காரணிப்படுத்தினால் (ம − 72)(2ம − 9) = 0. இங்கே 72, 9/2 ஆகிய இரண்டு எண்கள் கைக்கு வருகின்றன. அவை இன்னும் விடைகள் அல்ல, விடைக்கான வேட்பாளர்கள். கடைசிக் கட்டமாக நிரல் இரண்டையும் முதல் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்க்கிறது. 72 தேறுகிறது, 9/2 தோற்கிறது. திரையில் 72 மட்டும் வருகிறது.

இந்தக் கடைசிக் கட்டத்தைப் பயனர் விரும்பினால் நிறுத்திவைக்கலாம். சிம்பையில் அதற்கு ஒரு விருப்பத்தேர்வு உண்டு; சரிபார்க்க வேண்டாம் என்று சொன்னால் வேட்பாளர்கள் விலக்கப்படாமல் வரும். ஆசிரியர்களுக்கு இது நல்ல கருவி. ஒரே சமன்பாட்டைச் சரிபார்த்தும் சரிபார்க்காமலும் தீர்த்து இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பொய்த்தீர்வு எங்கே பிறக்கிறது என்பது மாணவருக்கு விளங்கிவிடும். கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்குவதைவிட இது தெளிவாகப் பதியும்.

மாக்சிமாவின் நடத்தை வேறு. √(ம + 3) = ம − 3 போன்ற சமன்பாட்டை அதன் 'சால்வ்' கட்டளையிடம் கொடுத்தால், ம = √(ம + 3) + 3 என்பது போன்ற விடை வரும். ம இடப்பக்கம் தனியாக நிற்கிறது. வலப்பக்கமும் ம இருக்கிறது. இது பிழை அல்ல. மூலங்களை நீக்கும் பொறுப்பை அந்தக் கட்டளை ஏற்கவில்லை என்பதன் அறிகுறி. முதல்முறை பார்ப்பவர் திகைத்து மென்பொருளையே கைவிட்டுவிடுவதுண்டு. பார்ட்டன் வில்லிஸ் எழுதிய 'டு பாலி சால்வ்' என்ற துணைத் தொகுப்பை ஏற்றிக்கொண்டு அதே சமன்பாட்டைக் கொடுத்தால் 6 என்ற விடை வந்துவிடும். சமன்பாட்டைப் பல்லுறுப்புக் கோவைகளாக மாற்றித் தீர்ப்பது அந்தத் தொகுப்பின் பணி. சேஜ்மேத் இயல்பாக மாக்சிமாவையே அழைப்பதால் அங்கும் இதே நிலை. மாற்று வழியாகச் சிம்பையை அழைக்கும்படியும் அதனிடம் சொல்லலாம்.

மூலங்கள் பெருகும்போது

ஒரே ஒரு வர்க்கமூலம் இருந்தால் தாளும் பேனாவும் போதும். √(2ம + 3) − √(ம + 1) = 1 போல இரண்டு இருந்தால் இருமுறை வர்க்கப்படுத்த வேண்டும். முதலில் ஒரு மூலத்தைத் தனியே நிறுத்தி வர்க்கப்படுத்தினால் ம + 1 = 2√(ம + 1) என்று வரும். இதிலிருந்து −1, 3 என்ற இரண்டு வேட்பாளர்கள். இங்கே இரண்டுமே தேறுகின்றன: 1 − 0 = 1; 3 − 2 = 1. நடுவிலுள்ள கழித்தல் குறியைக் கூட்டலாக மாற்றினால் வேட்பாளர்கள் அதே இருவர்தாம். ஆனால் −1 மட்டும் தேறும், 3 தோற்கும். இருபடிச் சமன்பாட்டில் எப்போதும் ஒன்று பொய் என்று மனப்பாடம் செய்துகொண்டவர்கள் முதல் கணக்கில் தவறுவார்கள்.

மூன்று வர்க்கமூலங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூட்டல், கழித்தல் என இரண்டு குறிகள்; மொத்தம் எட்டுக் குறியமைப்புகள். மூலங்களை நீக்கிக் கிடைக்கும் பல்லுறுப்புக் கோவை அந்த எட்டுச் சமன்பாடுகளின் தீர்வுகளையும் சேர்த்தே சுமக்கிறது. நான்கு மூலங்களுக்குப் பதினாறு. மூலம் ஒன்று கூடும்தோறும் சுமை இரட்டிக்கிறது. கையால் விரித்தெழுதினால் பக்கங்கள் நிரம்பும். ஓர் உறுப்பில் குறி மாறினாலும் எல்லாம் வீண். மென்பொருளின் உண்மையான உதவி இங்கேதான்.

இத்தகைய நீக்கத்துக்குப் பொதுவான வழியை ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் புருனோ புக்பெர்கர் 1965-ஆம் ஆண்டுத் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கண்டார். தம் நெறியாளர் வோல்ஃப்காங் கிரோப்னரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பல மாறிகள் கொண்ட பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகளை, ஒவ்வொரு மாறியாக நீக்கத்தக்க ஒழுங்கான தொகுதியாக மாற்றித் தருவது கிரோப்னர் அடித்தளம். மூலங்களுக்கு வ₁, வ₂, வ₃ என்று பெயர் வைத்துவிட்டால் அவற்றை நீக்குவது இந்த வழிமுறைக்கு வழக்கமான வேலை. இங்கே குறிப்பிட்ட மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் இதைச் செய்யும் வசதி இருக்கிறது.

வெவ்வேறு வகை மூலங்கள் கலந்திருந்தால் பெயரிடும் முறையைச் சற்று யோசித்து அமைக்கலாம். √ம + ∛ம = 12 என்பதில் ம = த⁶ என்று வைத்தால், எதிர்க்குறியற்ற மெய்யெண்ணான த-வுக்கு இரண்டு மூலங்களும் ஒருசேர மறைகின்றன: த³ + த² − 12 = 0. இது (த − 2)(த² + 3த + 6) என்று பிரிகிறது. இரண்டாவது காரணிக்கு மெய்த்தீர்வு இல்லை. த = 2; ம = 64. சரிபார்ப்பு: 8 + 4 = 12.

கனமூலத்தின் சிக்கல்

−8-இன் கனமூலம் என்ன? பள்ளி மாணவர் −2 என்பார். மாக்சிமாவும் தன் இயல்பான அமைப்பில் −2 என்கிறது. சிம்பையும் சேஜ்மேத்தும் அப்படிச் சொல்வதில்லை. அவை கலப்பெண் தளத்தில் இயங்குகின்றன. அந்தத் தளத்தில் −8-க்கு மூன்று கனமூலங்கள். அவற்றுள் முதன்மை மூலம் என்று வகுத்திருப்பது 1 + √3𝑖. அதாவது மெய்ப்பகுதி 1, கற்பனைப்பகுதி √3 கொண்ட கலப்பெண். விளைவு பெரியது. கனமூலம் ம = −2 என்ற எளிய சமன்பாட்டைச் சிம்பையிடம் கொடுத்தால், முதன்மை மூலம் ஒருபோதும் −2 ஆகாது என்பதால் தீர்வே இல்லை என்ற பொருளில் வெற்றுப் பட்டியல் வரும். பாடநூல் −8 என்கிறது. இரண்டும் தத்தம் வரையறைப்படி சரி. மெய்யெண் கனமூலமே வேண்டும் என்றால் சிம்பையில் அதற்குரிய 'ரியல் ரூட்' என்ற சார்பைப் பயன்படுத்த வேண்டும். கனமூலம் வரும் எந்தக் கணக்கிலும் முதல் வேலையாக −8-ஐக் கொடுத்து மென்பொருள் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சமன்பாட்டில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தாலும் கவனம் தேவை. √ம = க என்பதைத் தீர்க்கச் சொன்னால் சிம்பை ம = க² என்று தரும். க எதிர்க்குறி எண்ணாக இருந்தால் இது பொய். க-வின் குறி தெரியாததால் நிரலால் சரிபார்க்க முடியவில்லை. ஆனாலும் விடையை வைத்துக்கொள்கிறது. க நேர்க்குறி எண் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் ஐயம் இல்லை. எதிர்க்குறி எண் என்று அறிவித்தால் நிரல் அந்த விடையை விலக்கிவிடும். சரிபார்க்க இயலாதபோது எச்சரிக்கும்படி கேட்கவும் வழி இருக்கிறது. தெரிந்த செய்தியை முன்கூட்டியே சொல்லிவிடுவது மென்பொருளோடு வேலை செய்வதன் பாதித் திறமை.

சரிபார்ப்பதும் எளிதல்ல

பிரதியிட்டுப் பார்ப்பது சிறிய எண்களுக்குத்தான் சுலபம். வேட்பாளரே மூலங்கள் அடுக்கிய கோவையாக இருந்தால், இரு பக்கமும் சமமா என்று கண்டறிவது தனி ஆராய்ச்சியாகிவிடும். √10 + √11 என்பதும் √5 + √18 என்பதும் சமமா? முதலாவது 6.47890, இரண்டாவது 6.47871. மூன்று தசம இடம் வரை வித்தியாசமே தெரியவில்லை. மாறாக, √(5 + 2√6) என்பதும் √2 + √3 என்பதும் எத்தனை இடம் கணக்கிட்டாலும் ஒன்றாகவே இருக்கும், ஏனெனில் அவை ஒன்றே; வர்க்கப்படுத்தினால் தெரிந்துவிடும். தசம எண்களை ஒப்பிட்டுச் சமமல்ல என்று நிறுவலாம். சமம் என்று நிறுவ முடியாது. முழு எண்களின் வர்க்கமூலங்களைக் கூட்டிய இரண்டு தொகைகளில் எது பெரிது என்பதை விரைவாகக் கண்டறிய உறுதியான வழி உண்டா என்பது கணினி அறிவியலில் இன்றும் விடை காணாத கேள்வி.

அடுக்கு மூலங்களைப் பிரித்துக் காட்டுவதில் இராமானுஜனுக்கு நிகரானவர் இல்லை. ∛2-இலிருந்து 1-ஐக் கழித்து அதற்கு மீண்டும் கனமூலம் கண்டால், அது ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9) என்பதற்குச் சமம் என்பது அவருடைய முற்றொருமை. இரு பக்கமும் 0.63818… என்று வருவதை எந்த மென்பொருளும் நொடியில் காட்டிவிடும். இத்தகைய பிரிப்பை இயந்திரமே கண்டுபிடிப்பதற்கான பொது வழிமுறையை சூசன் லேண்டாவ் 1980-களின் இறுதியில்தான் உருவாக்கினார். வர்க்கமூலங்களுக்கு மட்டும் இதைச் செய்யும் கட்டளை சிம்பையில் இருக்கிறது; √(5 + 2√6)-ஐக் கொடுத்தால் √2 + √3 என்று திருப்பித் தரும்.

கிணற்றில் விழுந்த கல்

கிணற்றுக்குள் கல்லைப் போட்டு, 3 வினாடி கழித்து நீரில் விழும் ஓசை கேட்டால் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கல் விழும் நேரம் √(2ம/9.8), ஓசை மேலே வரும் நேரம் ம/340. இரண்டின் கூடுதல் 3. இதுவும் மூலச் சமன்பாடே. மூலத்தை நீக்கித் தீர்த்தால் இரண்டு எண்கள் வருகின்றன: ஏறத்தாழ 40.65 மீட்டர், மற்றொன்று 25,590 மீட்டரை ஒட்டியது. இரண்டாவது, ஓசை வரும் நேரத்திலிருந்து கல் விழும் நேரத்தைக் கழித்தால் 3 வரும் ஆழம். கேட்ட கேள்விக்கு விடை அல்ல. ஓசையின் பயண நேரத்தை மறந்துவிட்டுக் கணக்கிட்டால் 44.1 மீட்டர் வரும். மூன்றரை மீட்டர் பிழை.

இதுபோன்ற கணக்குக்குத் துல்லியமான மூலக்கோவை வேண்டியதில்லை. எண் விடை போதும். சிம்பையின் 'என் சால்வ்' தொடக்க ஊகம் ஒன்றைக் கேட்கும். மாக்சிமாவின் 'ஃபைண்ட் ரூட்' தீர்வு எந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்று கேட்கும். இவை நேரே முதல் சமன்பாட்டிலேயே வேலை செய்வதால் வர்க்கப்படுத்தலும் இல்லை, பொய்த்தீர்வும் இல்லை. ஊகத்துக்கு வரைபடம் துணை. இரு பக்கத்தையும் தனித்தனி வளைகோடுகளாக வரைந்தால் அவை வெட்டும் இடமே தீர்வு. தேனீச் சமன்பாட்டை வரைந்தால் வளைகோடுகள் 72-இல் ஒருமுறை வெட்டுகின்றன. நான்கரையில் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை.

துல்லிய விடையே கிடைக்காத சமன்பாடுகளும் உண்டு. ம²√ம = √ம + 1 என்பதில் √ம-ஐ வ என்று வைத்தால் வ⁵ − வ − 1 = 0. ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கு மூலக்குறிகளால் அமைந்த பொதுச் சூத்திரம் இல்லை என்று 1824-இல் ஏபெல் நிறுவினார். இந்தச் சமன்பாடு அப்படித் தீர்க்க முடியாதவற்றுள் ஒன்று. சிம்பை இதை இன்ன பல்லுறுப்புக் கோவையின் இன்ன தீர்வு என்று பெயரிட்டு நிறுத்திவிடும்; எண்ணாகக் கேட்டால் வ = 1.1673…, ம = 1.3626 என்று வேண்டிய இடம் வரை கணக்கிட்டுத் தரும். இதற்குமேல் எந்த விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் மூலக்குறி விடை தர இயலாது.

கட்டற்ற மென்பொருளின் தனிச்சிறப்பு அதன் விலையில்லாமை மட்டுமல்ல. ஒரு வேட்பாளரை நிரல் ஏன் விலக்கியது, ஏன் வைத்துக்கொண்டது என்ற ஐயம் வந்தால், அந்த முடிவை எடுத்த வரிகளைத் திறந்து படிக்கலாம். சிம்பையின் நிரல் முழுவதும் பைதானில் இருப்பதால் கல்லூரி மாணவரே படித்துப் புரிந்துகொள்ள முடியும். நிரூபணம் கேட்டுப் பழகிய கணிதத்துக்கு இந்தத் திறப்பு இன்றியமையாதது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூடிய மென்பொருளுக்குப் பதில் இவற்றைத் தேர்ந்தெடுப்பதே முறை.

பயிற்சிக்கு லீலாவதியின் இன்னொரு கணக்கு. கர்ணனோடு போரிடும் அர்ஜுனன் எடுத்த அம்புகளில் பாதி எதிரியின் அம்புகளைத் தடுக்கப் போயிற்று, மொத்தத்தின் வர்க்கமூலத்தைப்போல் நான்கு மடங்கு குதிரைகளுக்கு, ஆறு சல்லியனுக்கு, குடை, கொடி, வில்லுக்கு மூன்று, தலைக்கு ஒன்று. வேட்பாளர்களாக 100-உம் 4-உம் வரும். வாசகர் முதலில் தாளில் தீர்த்து, எது மெய், எது பொய் என்று காரணத்தோடு எழுதிவிட்டு, அதன்பின் சிம்பையிலோ மாக்சிமாவிலோ ஒப்பிட்டுப் பார்க்கவும்.